தகரக்காவின் கை

மேலே ஏறி வருகிற வண்டிக்கு, இறங்கி வருகிற வண்டி தெரியாது. அந்தக் கொண்டை ஊசி வளைவில் இரண்டும் தெரிகிற ஒரே இடம் தகரக்காவின் வாசல்தான். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், இரண்டு ஜீப்புகள் அங்கே மூக்கோடு மூக்கு முட்டி நிற்க, டிரைவர்கள் பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், கூரையில் கழன்ற தகரம் ஒன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள் அக்கா. ஒரு தட்டு என்றால் வா. இரண்டு என்றால் நில். விடாமல் தட்டினால், பாறை சரிந்துவிட்டது, கடப்பாரையோடு ஓடி வா. அன்றிலிருந்து மலைக்கே அவள்தான் போலீஸ், சம்பளம் மட்டும் கிடையாது.

மகளுக்குக் கீழே டவுனில் ஜவுளிக்கடை வேலை. ஊருக்கு பஸ் இல்லாததால் ஹாஸ்டலில் தங்கி, மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டுவாள். இன்று பஸ்ஸின் சோதனை ஓட்டம். வளைவைத் தாண்டிவிட்டால் நாளையிலிருந்து தினமும் வரும், மகளும் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்றவள், பொங்கி வழிந்த பிறகுதான் உள்ளே ஓடினாள்.

மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிந்தது. பஸ்ஸேதான்! ஒரே ஒரு தட்டுத் தட்டவேண்டியவள் தட்டினாள், தட்டினாள், சிரித்துக்கொண்டே தட்டித் தீர்த்தாள்.

டிரைவர் இந்தப் பக்கத்து ஆள். சத்தம் கேட்டதும் வளைவின் நடுவிலேயே பிரேக்கை மிதித்தார். மேலேயிருந்து ஊரே கடப்பாரையோடு ஓடி வந்தது. சோதனைக்காக பஸ்ஸில் வந்த அதிகாரி இறங்கினார்.

"பாறை எங்கம்மா?"

"பாறையெல்லாம் இல்லீங்க. பஸ்ஸப் பாத்த சந்தோஷத்துல கை என் பேச்சக் கேக்கல."

ஏற்றத்தில் நின்ற பஸ் உறுமியது, ஏறவில்லை. பின்னால் நழுவியது. தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டாளே அக்கா! ஆனால் வந்தவர்கள் சும்மா வரவில்லையே. சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, ஒரே மூச்சில் தள்ளினார்கள். பஸ் வளைவைத் தாண்டியது.

"தினம் இப்படித் தள்ள ஆள் வருமா?" என்றார் அதிகாரி.

"தேவையில்ல சார். அக்கா கைய யாராவது பிடிச்சுக்கிட்டா போதும், வண்டி தானா ஏறிடும்" என்றார் டிரைவர்.

அதிகாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, நாளைக்கு வரும்."

மறுநாள் சாயங்காலம் பஸ் வந்தது. ஜன்னலில் மகளின் முகம். புருஷன் ஓடி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு தட்டு. பஸ் திரும்பி, மேலே போய் நின்றது.

"விடுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உலை வைக்கணும். மூணு பேருக்கு."