பை ஊதாது, காற்று வரும்

விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்து பதினெட்டு வருஷம் கழித்துத்தான், பறக்கிற விமானத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்து பார்த்தேன்.

டெல்லி ஃபிளைட். முப்பத்தாறாயிரம் அடி. டிராலியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால் காது அடைக்கிறது. கேபினில் காற்றழுத்தம் குறைந்து, சில்லிட்டு, எல்லார் தலைக்கு மேலும் மஞ்சள் மாஸ்க்குகள் விழுந்து தொங்கின. விமானம் மூக்கைத் தாழ்த்தியது. இதுதான் எமர்ஜென்சி டிசென்ட். மாஸ்க் இல்லாமல் மூச்சுவிடக்கூடிய பத்தாயிரம் அடிக்கு கேப்டன் விறுவிறுவென்று இறக்குவார். அதுவரை க்ரூவான நாங்கள் பெல்ட் போட்டு, எங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். யாருக்கும் உதவ எழக்கூடாது. நாங்களே மயங்கி விழுந்தால் யாருக்கு என்ன லாபம்?

நான் மாஸ்க் மாட்டி உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, முதல் வரிசையில் வேப்பம்பட்டுத் தம்பதி. கணவர் ஆவடி ஃபாக்டரியில் ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க முதல் விமானப் பயணம் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார். இருவரும் ஒழுங்காகத்தான் மாட்டினார்கள். திடீரென்று அவர், மனைவியின் மாஸ்க்கில் தொங்கிய பையை அமுக்கிப் பார்த்தார். தன் மாஸ்க்கைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

அந்த உயரத்தில் அரை நிமிடம் தாங்கினாலே பெரிது. என் மாஸ்க்கைத் தூக்கிக் கத்தினேன். "சார், ப்ளீஸ்" எல்லாம் வரவில்லை. அத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்த என் கொரட்டூர்ப் பேச்சுதான் வந்தது.

"யோவ் அண்ணாத்தே! அக்காவுக்கு காத்து வந்துகினுதான் கீது! உன்னுத மாட்டுய்யா மொதல்ல!"

திடுக்கிட்டு மாட்டிக்கொண்டார்.

பத்தாயிரம் அடி என்று கேப்டன் அறிவித்ததும் அவரிடம் ஓடினேன். "ஏன் சார் கழட்டினீங்க?"

"பை ஊதவே இல்லியேம்மா. அவளுக்கு காத்து வர்லன்னு நெனச்சிட்டேன்."

அந்தம்மா அவர் தோளில் ஒரு குத்து விட்டார். "நீ பூட்டா, நான் மட்டும் டில்லில எறங்கி இன்னாத்த பண்றது?" என்று அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"பை ஊதலன்னாலும் காத்து வரும்னு கிளம்பும்போதே டெமோவுல சொன்னேனே சார்."

"சொன்னியாம்மா? நீ கைய ஆட்டினத பாத்துகினேதான் இருந்தேன். இங்கிலீஷுல கடகடன்னு போயிட்ச்சு, ஒண்ணும் புரியல."

டெமோவை யாரும் கவனிப்பதில்லை என்று புதிதாக வரும் க்ரூ அலுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி அலுத்துக்கொண்டவள்தான். அன்று அவர் கண் எடுக்காமல் கவனித்தார். அவருக்குப் புரிகிற மாதிரி நான்தான் சொல்லவில்லை.