செல்லசாமி தீட்டிய பல்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் செல்லசாமியைப் போல் கவ்வாத்து வெட்ட ஆள் கிடையாது. கத்தியை முதலில் சொரசொரப்புக் கல்லில் தீட்டுவான், பிறகு வழுவழுப்புக் கல்லில் தண்ணீர் தொட்டுத் தீட்டுவான். தேயிலைச் செடிக்கு நோகாமல் வெட்டுகிறவன் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயாவே சொல்வார். அந்தக் கை செய்த காரியத்தைக் கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு சம்பள நாள். கசிப்புக் குடித்துவிட்டு வந்தவன் லயத்து வீட்டு வாசற்படியில் குப்புற விழுந்தான். மனைவி நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் செய்தது அவ்வளவுதான். அடுப்படியில் கிடந்த மிலாறு விறகுக் கட்டையை எடுத்து அவள் வாயிலேயே ஒரு போடு போட்டான். மேல்வரிசையில் முன்பல் மூன்று போயின. மருந்துக்கார ஐயா கேட்டதற்கு, "தண்ணிக் கானுல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள். பக்கத்தில் நின்ற இந்த மகராசன் தலையை நிமிர்த்தவில்லை.

அதோடு குடியை விட்டான், அது உண்மை. ஆனால் அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். பேசும்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். நாலு வருசமாக அந்த முந்தானையைப் பார்த்துப் பார்த்தே அவன் தினம் தினம் செத்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் வெளிநாட்டுப் பல் வைத்தியர்கள் ஹட்டனில் இலவச முகாம் போட்டார்கள். நாகலெட்சுமியின் மேல்தாடையெலும்பில் இரண்டு ஆணி இறக்கினார்கள். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள ஆறு மாதம் விட்டு, மறுபடி வந்து மேலே மூன்று பல் கட்டினார்கள். பீங்கான் இல்லை, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து, விளக்கொளி காட்டி இறுக வைத்தது. கூட இருந்த, ஹட்டனிலேயே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டொக்டர் கஜனி படித்துப் படித்துச் சொன்னார்:

"உள்ளுக்க இருக்கிற இழைதான் இதின்ர பலம். மேல்பூச்சு தேஞ்சு அது வெளியில வரக்கூடாது. நாக்கில சொரசொரத்தா உடன என்னட்ட வாங்கோ. நீங்களா ஒண்டும் செய்யப்படாது."

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது செல்லசாமியின் செருப்பு சேற்றில் மாட்டி, ஆள் ஒற்றைக் காலில் ஆடினான். நாகலெட்சுமி வாயைத் திறந்து சிரித்தாள். "சிரி புள்ள, நல்லாச் சிரி" என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்த பாவம் அன்றோடு தொலைந்தது என்று நினைத்தான். நினைப்புத்தான்!

வருசம் ஒன்றாகவில்லை, பல்லின் உள்பக்கம் நாக்கில் உறுத்தியது.

"டொக்டரம்மாகிட்ட போவமாங்க?" என்றாள்.

"இதுக்குப் போயி ஹட்டனா? கவ்வாத்துக்காரன் பொண்டாட்டி நீ. வாயைத் தொற."

வழுவழுப்புக் கல்லின் உடைந்த துண்டு ஒன்றை எடுத்தான். அவள் தலையை மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைத் தொடுவதுபோல் உரசினான். வழுவழுவென்று ஆனது. நாலு நாளில் மறுபடி உறுத்தியது, மறுபடி உரசினான். அடப் பாவி மனுசா, உரச உரச உள்ளிருந்த இழையல்லவா வெளியே வந்தது! ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே வேலை. அவளும் நம்பித் தலையைக் கொடுத்தாள்.

இழை பிரிந்து, தேத்தண்ணி ஊறிக் கறுத்தது. பிசிறில் அழுக்கு அடைந்து ஈறு வீங்கியது, சீழ் பிடித்தது. வலியை இரண்டு வருசம் பொறுத்தாள். ஒரு நாள் ரொட்டியைக் கடிக்கையில் பல் மூன்றும் உடைந்து கையோடு வந்தன. அப்போதுதான் ஹட்டனுக்கு ஓடினார்கள்.

கஜனி டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"பல்லைத் திரும்பவும் செய்யலாம். ஆனா ரெண்டு ஆணியும் ஆடுது, சுத்தியிருந்த எலும்பு கரைஞ்சு போச்சு. கழட்டத்தான் வேணும். இனி அந்த இடத்தில கழட்டி மாட்டுற பல்லுகூட ஒழுங்கா நிக்காது."

உடைந்த பல்லைத் திருப்பிப் பார்த்தவரின் முகம் மாறியது. "இதை ஆர் உரஞ்சினது?"

செல்லசாமி தலையைக் குனிந்தான்.

"நாந்தாங்க" என்றாள் நாகலெட்சுமி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. "கல்லுல நானே தேச்சுக்கிட்டேங்க."

டொக்டர் அவளைத்தான் திட்டினார். செல்லசாமி அன்றைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.