மூன்றாவது புரோகிராம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்ன இன்ஜினியர் வலது காதுக்குப் போகவேண்டிய ஹெட்போன் ஒயரை இடது பக்கம் மாட்டிவிட்டாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது உடனே தெரிந்துபோயிற்று. வெளியே மேலதிகாரி நின்றிருந்தார். "இன்னைக்கு என் காது சரியில்லீங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர், போகிற போக்கில் அந்த ஒயரை விரலால் தட்டிவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் அவள் மாற்றிவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குப் பட்டப்பெயர் காதுக்காரர். பாதிக் காது போனவருக்கு அப்படியொரு பட்டம்! காது மிஷின் செய்யும் அந்த இடத்தில் கேட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் பேசும். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார். இரைச்சலை வடிகட்டும் நான்கு புரோகிராம்களில் ஓடுவது எது என்று சொல்லமாட்டார்கள். தெய்வத்துக்குப் பயந்து மார்க் போடுவார். சின்ன இன்ஜினியர் எழுதிய மூன்றாவதுக்கே எப்போதும் முதல் மார்க். "கழுவித் துடைச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். கடைசியில் அதையே அவர் காது மிஷினிலும் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. வெறும் மூச்சால்தான் பேசமுடிந்தது.

"வாய் அசையுதும்மா, ஒண்ணுமே கேக்கல. எழுதிக் காட்டலாம்னா அவளுக்கு எழுத்து தெரியாது. குரல் இனி வராதுன்னு டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. இருந்த காதும் போயிடுச்சா பாரேன்" என்று சின்ன இன்ஜினியரிடம் வந்து நின்றார்.

சோதித்தாள். காது பழையபடிதான் இருந்தது. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனாள். தலைக்குமேல் ஃபேன் ஓட, அந்த அம்மாள் சுவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குனிந்தால்தான் கேட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்காத மாதிரியே காலத்தை ஓட்டிட்டாரு. மிஷினை மாட்டிக்கிட்டும் அதே நடிப்பு."

"என்ன சொல்றா? என்னம்மா சொல்றா?" என்று அவர் பறந்தார்.

சின்ன இன்ஜினியர் ரெக்கார்டரை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டாள். பதிவை கம்ப்யூட்டரில் போட்டதும் விஷயம் விளங்கியது. பரீட்சைக்கு வைத்த குரல்கள் எல்லாமே கணீரென்ற குரல்கள். மூச்சுக்குரலை ஒருவரும் வைக்கவில்லை. புரோகிராமுக்கு ஃபேன் காற்றும் ஒன்று, அந்த மூச்சும் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டது. அவரிடம் சொன்னாள்.

"முதல் மார்க் போட்டவனே நான்தானே. சொந்தச் செலவுல சூனியம்" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

அவளும் வடிகட்டலை இறுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள். மூச்சைக் காப்பாற்றினால் இரைச்சலும் கூடவே ஏறி வந்தது. அங்கே படுத்திருந்தவளுக்கோ கஞ்சிகூட இறங்கவில்லை. வேறு வழியில்லாமல், அந்தக் கட்டிலருகிலேயே வடிகட்டலை முழுதாக நிறுத்தினாள்.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஃபேன் அவருக்கு லாரிபோல் உறுமியிருக்கவேண்டும். அவள் ஓடிப்போய் ஃபேனை நிறுத்த, தெருச் சத்தம் வந்து புகுந்தது. பல்லைக் கடித்தபடி மனைவியின் வாயருகே காதை வைத்தார். அவள் உதடு அசைந்தது.

பிறகு, "ம்… சொல்லு" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கண்ணாடி அறைக்கு வரவேயில்லை. அன்று அவள் கிளம்பியபோது வாசல்வரை வந்தார்.

"ஐயா, இப்படியே விட்டா தலை வெடிச்சுடும். கொஞ்சம் டைம் கொடுங்க, இரைச்சலை மட்டும் எடுத்துக் கொடுத்துடறேன்" என்றாள் அவள்.

அவர் மிஷினைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வேணாம்மா. இரைச்சல் இருந்துட்டுப் போகட்டும். அதுக்குள்ளதான் அவ பேசிட்டிருக்கா."