விசிறியில் ஒட்டிய தூள்

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஓய்வில்லை. குண்டசாலையில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைக்கும் கம்பியூட்டர்களைத் திருத்தியே முதுகு விட்டுப்போகிறது. அவற்றில் ஒன்றுக்குப் பாகம் தேவைப்பட்டதால், இதுவரை திறந்தே பார்க்காத என் முதல் கம்பியூட்டரை முழுக்கக் கழற்றினேன். உள்ளிருந்த விசிறியைத் தட்டியதும் தூள் உதிர்ந்து தேயிலை வாசனை வந்தது.

பள்ளி நாட்களில், ஹந்தானைத் தோட்டத்து லய வீட்டில் அந்தக் கம்பியூட்டர் என் மேசையில் இருந்தது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. வீடு திரும்பும்போது புருவமெல்லாம் தூளாக இருக்கும்.

"கிட்ட வராதீங்கப்பா, தூசி பட்டா கெட்டுப்போயிரும்."

"சரி புள்ள, இங்கருந்தே பாக்குறேன்" என்று வாசலிலேயே நிற்பார். குளித்த பிறகும் கிட்ட வந்ததில்லை.

அப்படியானால் இந்தத் தூள்?

"அப்பா, அப்ப இதத் தொட்டீங்களா?"

வயதான அப்பா இப்போதும் அறை வாசலில்தான் நின்றார்.

"நீ ஸ்கூலுக்குப் போனதும், நைட் வேல முடிஞ்ச கையோட ஒக்காந்து அதுல சீட்டு வெளையாடுவேன். நீ வர்றியான்னு ஒங்கம்மா பாத்துக்குவா." சிரிக்கப் போய் இருமினார். "அது இன்னும் ஓடுமா புள்ள?"

மேசையில் அது துண்டு துண்டாகக் கிடந்தது. வலிக்கும் முதுகோடு குனிந்து, தரையில் சிதறிய திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.