எஃப் நாலு கட்டத்துல ஒரு சப்மரின்

அழிரப்பர் தூள் பாய் மேல உதிர்ந்து கெடக்கும். முட்டி போட்டு உக்காந்தா கால்ல ஒட்டிக்கும். ஞாயித்துக்கெழம மத்தியானம்னு சொன்னாலே எனக்கு இன்னிக்கும் அந்த நறநறப்பு தான்...

புதுச்சேரிய விட்டு பிரெஞ்சுக்காரன் போயி அஞ்சாறு வருஷம் ஆயிருந்த சமயம். எங்க வீட்டு வெளையாட்ட விட்டு மட்டும் அவன் போவல. அப்பா கணக்கு வாத்தியார். பொடிப்பொடியா கட்டம் போட்ட தாள் கொண்டாருவாரு. அதுல கப்பல், சப்மரின் எல்லாம் பென்சில்ல குறிச்சு, அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் கைய வச்சு மறைச்சுக்குவோம். "பி மூணு", "ஜி எட்டு"ன்னு கட்டத்தோட பேர் சொல்லி சுடணும். குண்டு தண்ணில விழுந்தா "ஆலோ". கப்பல்ல பட்டா "தூஷே". முழுசா முங்கிட்டா "கூலே". எல்லாம் பிரெஞ்சு தான். சப்மரினுக்கு ஒரே கட்டம்... பட்டுச்சுன்னா நேரா கூலே.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆட மாட்டாங்க. அரிசில கல் பொறுக்கிக்கிட்டே எங்க சண்டைய வேடிக்க பாப்பாங்க.

அப்பறம் அண்ணன், எங்க ஊருப் பசங்க பல பேரு மாதிரி, பிரெஞ்சு கடற்படைல சேந்து பிரான்ஸ்ல துலோன் துறைமுகத்துக்குப் போயிட்டான். அவன் எழுதற கடுதாசிய அம்மாவுக்கு படிச்சுக் காட்டறது என் வேல. மூணாவது கடுதாசில எழுதியிருந்தான், "என்னை சப்மரின்ல போட்டுட்டாங்க"ன்னு. நானும் மடச்சி மாதிரி அத அப்பிடியே சத்தமா படிச்சுட்டேன். அன்னிலேர்ந்து அம்மாவுக்கு சோறு எறங்கல.

அதோட வீட்டுல "கூலே"ன்னு யாரும் வாய் தொறக்கக் கூடாது. போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லுன்னு சொல்லுவோமில்ல... அந்த மாதிரி. கப்பல் முங்கினா "கரை ஏறிடுச்சு"ன்னு தான் சொல்லணும், அம்மா உத்தரவு. அப்பா கூட மறுபேச்சு பேசல.

அண்ணனும் நானும் வெளையாட்ட விடல. கடுதாசிலயே ஆடினோம். ஒரு கடுதாசிக்கு அஞ்சு குண்டு. போயி வர ஒரு மாசம் ஆவும்.

கடைசில அவன்கிட்ட ஒரே ஒரு சப்மரின் பாக்கி. எனக்கு பதினோரு வயசு, திமிருக்குக் கொறச்சல் இல்ல. நடுவுல யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சு நடுவுல தான் வைப்பான்... அவன் புத்தி எனக்குத் தெரியாதா. அஞ்சு குண்டு எதுக்கு, ஒண்ணு போதும்னு "எஃப் நாலு"ன்னு எழுதினேன். சும்மா விட்டேனா? பக்கத்துலயே கொட்டை எழுத்துல "கூலே"ன்னு எழுதி, கீழ ரெண்டு கோடு வேற போட்டு, நானே ஒட்டி பெட்டில போட்டேன்.

அதுக்கப்பறம் கடுதாசி வரல.

ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. தபால்காரர் சைக்கிள் எங்க தெருவுல திரும்பினா அம்மா வாசல்ல நிப்பாங்க. அவரு தலைய ஆட்டிட்டுப் போயிடுவாரு. என் தாள்ல எஃப் நாலு கட்டத்த அழிச்சேன்... அழிச்சு அழிச்சு தாளே ஓட்டையாயிடுச்சு. அந்த ஓட்டையப் பாத்தா இன்னும் பயம்.

ஒருநாள் அம்மா கேட்டாங்க. "பாப்பா, அண்ணனுக்கு கடைசியா இன்னா எழுதின?"

"நல்லா இருக்கோம்னு எழுதினேம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

நேரா அப்பாகிட்ட போயி அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். "காகிதத்துல போட்ட குண்டு கடலுக்குப் போவாதுடி"ன்னாரு. அவரு கணக்கு வாத்தியாரு, அப்பிடித்தான் சொல்லுவாரு. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "அம்மாகிட்ட சொல்லிடாத"ன்னாரு. மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரா தபாலாபீஸ் போயி நின்னாரு. அவரும் பயந்துட்டாருன்னு அதப் பாத்ததும் தான் எனக்குப் புரிஞ்சுது.

மூணாவது மாசக் கடைசில வந்துது.

நாலே வரி. "தண்ணிக்குள்ளயே இருந்தோம், கடுதாசி போட முடியல. சொகமா இருக்கேன். அம்மாவ அழ வேணாம்னு சொல்லு. எஃப் நாலு, ஆலோ."

அம்மா அத மூணு தடவ படிக்கச் சொன்னாங்க. எனக்கு தோத்ததுல அவ்ளோ சந்தோஷம், வாழ்க்கைல வேற எப்பவும் வந்ததில்ல.

அடுத்த வருஷம் லீவுல வந்தான். அவன் பெட்டிய நான் தான் கொடைஞ்சேன். அடில மடிச்சு வச்ச கட்டத் தாள். எஃப் நாலுல சப்மரின் இருக்கு. அழுத்தமா, அழிக்காம.

"ஏண்ணா பொய் எழுதின?"ன்னு கேட்டேன்.

சமயக்கட்டுல அம்மா இருக்காங்களான்னு எட்டிப் பாத்துட்டு சொன்னான். "நீ அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டுவியே பாப்பா, வேற எப்பிடி எழுதறது?" கொஞ்ச நேரம் தாளையே மடிச்சு மடிச்சுப் பிரிச்சான். "நாங்க கெளம்பற அன்னிக்குத்தான் உன் கடுதாசி வந்துது. அதப் படிச்சுட்டு உள்ள எறங்கவே காலு வரல எனக்கு."

ஆறடி ஆளு. நான் அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அவன் சிரிச்சுகிட்டே இருந்தான், ஆனா கண்ணு சிரிக்கல.

நெறைய வருஷம் நல்லா வாழ்ந்துட்டுத்தான் போனான். இப்ப என் பேரன் பாரிஸ்ல இருக்கான். போன்ல மெசேஜ் போட்டா ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடுது. மாசக்கணக்குல காத்திருக்கற பொழப்பு இல்ல... ஆனா அந்த ரெண்டு நிமிஷமும் போனக் கீழ வைக்காம பாத்துக்கிட்டே இருப்பேன்.

"உங்களுக்கு டைப்பிங் ஏன் இவ்ளோ ஸ்லோ?"ன்னு அவன் கிண்டல் பண்றான். டைப்பிங் எல்லாம் வேகமாத்தான் பண்றேன். அனுப்பறதுக்கு முன்னாடி, எழுதினது ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சுப் பாக்கறேன். அதான் லேட்டாவுது.