வெர்னியே தோட்டத்துக்கு நாள் பார்த்தவர்

அறிவழகன் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. ஈரோட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவருடைய அப்பா, ராகுகாலத்தில், புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். அதுவும் சும்மா இல்லை, நேரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷனின் மகன் கனடாவில் நாள் பார்த்துச் சொல்லிச் சம்பளம் வாங்கினார் என்றால், தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையையும் அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படித்து மேல்பட்டம் வாங்கியவர் அவர். 1968இல் மனைவி நாகலட்சுமியோடு டொராண்டோ வந்து பார்க்டேலில் இரண்டு அறை வீடு பிடித்தார். போன இடமெல்லாம் கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்றே கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அதை யாரிடம் போய்க் கேட்பது. இரண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினார். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறி ஊறி, விரல் நுனிகள் வெடித்து, சோறு பிசையும்போது மிளகாய் பட்டு எரியும். நாகலட்சுமி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். படித்த படிப்பைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

1970 மார்ச்சில் பேப்பரில் ஒரு விளம்பரம். திராட்சைத் தோட்டத்துக்கு மண் சோதனை தெரிந்த ஆள் தேவை. டிராம் ஏறி, யூனியன் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, ரூஜ் ஆறு தாண்டி இறங்கி, ஏரிப் பக்கம் அரை மணி நேரம் நடந்தார். சரிவில் தொள்ளாயிரம் கொடிகள், ஒரு கல் வீடு, வீட்டுக்கடியில் பீப்பாய் நிலவறை. முதலாளி எதியென் வெர்னியே அறுபது வயதுப் பிரெஞ்சுக்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை.

சான்றிதழ்களைத் தோல்பையில் அடுக்கிக் கொண்டுபோயிருந்தார் அறிவழகன். வெர்னியே அதைத் தொடக்கூட இல்லை. மேஜையிலிருந்து கலர் கலராகக் கட்டம் போட்ட ஒரு ஜெர்மன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் அவர் கொடி வெட்டுவார், மண் கிளறுவார், பீப்பாய் திறப்பார். மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்து ஆறு மாசம் புதைத்து, எடுத்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தோட்டத்துக்குத் தெளிப்பார். ரசாயன உரம் என்றால் கெட்ட வார்த்தை. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு புத்தகம் உண்டுதானே, மூவாயிரம் வருஷமாக நிலாவைப் பார்க்கிற ஜனம் ஆயிற்றே நீங்கள் என்று ஆசையாகக் கேட்டார்.

அறிவழகனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாணத்தைக் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்தே வளர்ந்த பிள்ளை. ஆனால் மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். வெடிப்புகள் கறுத்திருந்தன. "உண்டு. என்னிடம் ஒன்று இருக்கிறது" என்றார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

வேலை என்னவோ நல்ல வேலைதான். மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, சாற்றில் புளிப்பு எவ்வளவு என்று அளக்க வேண்டும். குடிப் பழக்கம் இல்லாதவர் என்பதால் ஒயினை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார். வெர்னியே வாயில் 'அறி' என்பது 'ஆரி' ஆகி, அதுவே பேராக நிலைத்தது. எரிச்சல்பட்டாலும் போகப் போகப் பிடித்துப்போனது.

அந்தக் கிழவருடைய கனவும் அவருக்குப் பிடித்துப்போனது. வெர்னியேயின் அப்பா பர்கண்டிக்காரர், அம்மா ஜூராக்காரி. பிரான்ஸில் அடுத்தடுத்த சீமைகள்; நடுவே ஒரு ஆற்றுச் சமவெளிதான். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் வரப்புத் தகராறுக்காரர்கள் கெட்டார்கள். பர்கண்டியில் பீப்பாய்க்குள் சொட்டுக் காற்று புகக் கூடாது. வற்ற வற்ற வாரம் தவறாமல் ஒயின் ஊற்றி விளிம்புவரை நிரப்புவார்கள். ஜூராவிலோ வற்றினது வற்றினபடி விட்டுவிடுவார்கள். மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம் கட்டும். அதற்கடியில் ஆறு வருஷத்துக்குமேல் தூங்கினால் ஒயினுக்கு அக்ரூட் வாசனை வரும். வெர்னியேயின் நிலவறையில் இடது வரிசை அப்பா வழி, வலது வரிசை அம்மா வழி. தோட்டத்திலும் மேல்சரிவில் பர்கண்டி ரகம், கீழ்ச்சரிவில் ஜூரா ரகம். இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வலது வரிசையின் முதல் பீப்பாய் 1975இல் திறக்கும்.

இதற்கெல்லாம் எமன் டொராண்டோ குளிர். ஐரோப்பாக் கொடி இந்தக் குளிரைத் தாங்காது. ஒவ்வொரு நவம்பரும் கொடிகளைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, தரையோடு சாய்த்து, கலப்பை ஓட்டி மண்ணை அணைத்துப் புதைக்க வேண்டும். சித்திரையில் தோண்டி எடுக்க வேண்டும். நிலம் இறுகுவதற்கு முன்னால் புதைத்தால் உயிர், தவறினால் சாவு.

வெர்னியே ஒவ்வொரு முறையும் தன் ஜெர்மன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரி, உங்களுடையது என்ன சொல்கிறது?" என்று கேட்பார். எங்களுடையதும் அதேதான் சொல்கிறது என்பார் அறிவழகன். கிழவருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். 1971 அறுவடைக்கு முன்னால் மட்டும் அறிவழகன் கொஞ்சம் கைவரிசை காட்டினார். வானொலியில் மழை என்று கேட்டிருந்தார். எங்கள் கணக்குப்படி இரண்டு நாள் முன்னதாகவே அறுப்பது உத்தமம் என்று அடித்துவிட்டார். அறுத்து முடித்த மறுநாள் பேய்மழை. அன்று முதல் வெர்னியேக்கு ஜெர்மன் புத்தகத்தைவிட இந்தியப் பஞ்சாங்கத்தின்மேல்தான் பக்தி. இல்லாத புத்தகத்தின்மேல் பக்தி.

1973 அக்டோபரில் ஈரோட்டிலிருந்து தங்கை கடிதம் போட்டிருந்தாள். அப்பா போய்விட்டார். அவர் எழுதி வைத்தபடியே உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். சடங்கு ஒன்றும் செய்யவில்லை. தெருவில் ஏசினவர்களிடம் அம்மா, அவர் சொன்னதைச் செய்தோம், போங்க என்றாளாம். கடிதத்தைப் படித்துவிட்டு அறிவழகன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. செத்த பிறகும் பொய் பேசாத மனுஷனுக்குப் பிறந்து, மாசாமாசம் நல்ல நாள் சொல்லி வயிறு வளர்க்கிறோமே என்று கூசிப்போனார்.

நவம்பர் நடுவில் வானிலை அறிக்கை மோசமாக வந்தது. இரண்டு நாள் மழை, அதன் பிறகு கடுங்குளிர், விடாமல். மண் ஏற்கெனவே ஈரம். ஈர மண் உறைந்தால் கருங்கல்தான் என்பது படித்தவருக்குத் தெரியாதா. ஆனால் வெர்னியேயின் புத்தகத்தில் சந்திரன் ஏறுமுகம். மண்ணுக்குள் வைக்கிற வேலைக்கு இறங்குமுகம் வர வேண்டும், அதற்குப் பத்து நாள் இருந்தது. நாளைக்கு வந்து உங்கள் பஞ்சாங்கம் என்ன சொல்கிறது என்று சொல்லுங்கள், அதன்படி செய்வோம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது நாகலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் விரதம் இருக்கிறவள், முருகன் படம் வைத்திருக்கிறவள். மாமனாருக்காகப் படத்தை அலமாரிக்குள் வைத்துக் கும்பிட்டுப் பழகி, இன்னும் அப்படியே வைத்திருக்கிறவள்.

"ஏனுங்க, நாளைக்கே நல்ல நாளுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. செடி பொழைக்கட்டும். நெசத்த அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாமுங்க."

"எங்கப்பன் செத்து இன்னும் ரெண்டு மாசம் ஆகல, லட்சுமி. இனி அது இந்த வாயில வராது."

"நாள் செய்யறத நல்லவங்க செய்ய மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க நல்லவரா இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுதுங்க?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். அவள் சொன்னது பக்திக்காரி பேச்சு இல்லை, கணக்குத் தெரிந்தவள் பேச்சு. அந்த வீட்டில் அன்றைக்குப் பகுத்தறிவோடு பேசியது அவள் ஒருத்திதான் என்பது அவருக்குப் பின்னால்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் வெர்னியே நிலவறையில் இடது வரிசைப் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே வழக்கமான கேள்வியைக் கேட்டார். அறிவழகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னிடம் பஞ்சாங்கம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அறுவடைக்குச் சொன்னது வானொலியில் கேட்டது. நான் மண் படித்தவன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இன்றைக்கே புதைக்க வேண்டும்."

வெர்னியே கெண்டியைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தை மாதிரி முகம் ஆகிவிட்டது.

"மூன்றரை வருஷம் என்னிடம் பொய் சொன்னவன், இன்றைக்குச் சொல்வது மட்டும் உண்மை என்று நான் எப்படி நம்புவது?"

மழை வரும், குளிர் வரும் என்று அறிவழகன் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். கெஞ்சக்கூடச் செய்தார். என் புத்தகம் என்னை ஏமாற்றியதில்லை, பத்து நாள் பொறுப்போம் என்றார் வெர்னியே. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் ஊரிலும்தான் சொல்கிறார்கள். உறைகிற பூமியைப் பற்றித் தெரியாதவர்கள் சொன்னது.

மழை சொன்னபடி வந்தது. குளிரும் சொன்னபடி வந்தது. பத்தாம் நாள் சந்திரன் இறங்குமுகமாயிற்று. கலப்பையின் கொழு மண்ணில் பட்டுத் துள்ளி விழுந்தது. பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து வந்திருந்த கூலியாட்கள் அரை நாள் முயன்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெர்னியேயும் அறிவழகனும் மட்டும் கடப்பாரையால் குத்திக் குத்தி மண்கட்டிகளைப் பெயர்த்துக் கொடிகள்மேல் அடுக்கினார்கள். நாலு நாளில் நாற்பது கொடி. அறிவழகனுடைய விரல்கள் பழையபடி வெடித்தன. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேசினால்தானே சொல்வதற்கு.

அந்த ஜனவரியில் போர்த்திக் காப்பாற்றியிருக்க வேண்டிய பனியும் சரியாகப் பெய்யவில்லை. மொட்டைக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரிக்குப் போய் மூன்று நாள் நின்றது. பார்க்டேல் வீட்டு ஜன்னலில் உள்பக்கம் ஐஸ் படர்ந்தது. அறிவழகன் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். நாகலட்சுமி அலமாரியைத் திறந்து படத்துக்கு முன்னால் நின்றாள். கொடிகளுக்காகத்தான் வேண்டுகிறாள் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரலில் கொடிகளை வெட்டிப் பார்த்தார்கள். உயிருள்ள கொடியை வெட்டினால் உள்ளே பச்சை தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். எல்லாம் காப்பிப் பொடி நிறம். புதைத்த நாற்பது மட்டும் பச்சை. அந்த நாற்பதும் மேல்சரிவின் பர்கண்டி ரகம். ஜூரா ரகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிலவறையில் வலது வரிசையில் தூங்குகிறது தீர்ந்தால் அவ்வளவுதான். புதிதாக நட்டால் காய்க்க நாலு வருஷம், அதற்குமேல் பீப்பாயில் ஆறு வருஷம். வெர்னியேக்கு அறுபத்துநாலு ஆகியிருந்தது. போன மாசம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார்.

சரிவின் அடியில் இருந்த கடைசிக் கொடிவரை வெட்டிவிட்டு, கத்திரியைத் துடைத்துப் பைக்குள் போட்டார் வெர்னியே. இதையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும், செத்ததை நிற்கவைத்துப் பார்க்க முடியாது என்றார். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், நவம்பரில் எதுவுமே நடக்காதது மாதிரி, பழைய மரியாதையோடு திரும்பிக் கேட்டார்.

"பிடுங்குவதற்கு நாள் எப்போது நன்றாக இருக்கிறது, ஆரி? உங்கள் பஞ்சாங்கம் என்ன சொல்கிறது?"

அறிவழகன் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கையில் இருந்த காய்ந்த குச்சியைப் பார்த்தார்.

"நாளைக்கு" என்றார். "நாளைக்கு ரொம்ப நல்ல நாள்."

வெர்னியே தலையை ஆட்டினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் கீழ்ச்சரிவிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார்கள்.