இணையம் படாத டேப்லெட்

பிறப்பு: 1979. தொழில்: லிஃப்ட் பழுதுபார்ப்பு, 2001 முதல். பட்டப்பெயர்: டெஸ்டர். வைத்தவர்: உடன் வேலை பார்த்த வயரிங்காரர். லிஃப்ட் வேலைக்கென ஒரு நிறுவனம் வெளியிட்ட டேப்லெட் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கியது: 2016. அந்தச் செயலியை நிறுவனம் நிறுத்தியது: 30 ஜூன் 2024. அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: 6 ஆகஸ்ட் 2024. அக்கா வீடு திரும்பியது: 10 ஆகஸ்ட். அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் நின்றது: 11 ஆகஸ்ட். அக்காவின் வீடு: ஆறாம் தளம்.

இந்தத் தேதிகள் இப்படி அடுத்தடுத்து வந்து நின்றது தற்செயல் என்பதை டெஸ்டர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அவர் எதையும் நம்பாதவராகிவிட்டார். கீழே நின்ற ஒருவர், "மெயின் ஆஃப் பண்ணிட்டேன், தைரியமா கை வைங்க" என்று குரல் கொடுத்தார். இவர் கை வைத்தார். மெயின் ஆஃப் ஆகியிருக்கவில்லை. வலது ஆள்காட்டி விரலின் நகம் அன்றிலிருந்து கோணலாகத்தான் வளர்கிறது. சட்டைப் பையில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் குடியேறியதும் அன்றுதான். உறவினர் வீட்டுக்குப் போனாலும் குளிர்சாதனப் பெட்டியை அதனால் தொட்டுப் பார்த்த பிறகே திறப்பார். "நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு என்னை டெஸ்டர் வச்சுப் பாக்காம கையைப் பிடிச்சாரு" என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்வதுண்டு.

அப்படிப்பட்டவரே செயலியிடம் மட்டும் மெல்ல மெல்ல மயங்கினார். லிஃப்டின் மூளை ஒரு கன்ட்ரோல் போர்டு. எந்தத் தளம் எந்த உயரத்தில் இருக்கிறது, கதவு எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். முன்பு இவற்றை மாற்ற, மொட்டைமாடி மெஷின் ரூமில் குனிந்து நின்று நான்கு பித்தான்களை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். செயலியோடு வந்த புது ரகப் போர்டுகளில் பித்தான்களே இல்லை; டேப்லெட்டிலிருந்து ஒரு கேபிளை போர்டில் செருகினால் போதும்; எல்லாம் திரையில் விரிந்தது. சேமிக்கும் கோப்பு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். பயிற்சி வகுப்பில் டெஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்க போனது அங்கயே இருக்கும்னு என்ன நிச்சயம்?" வகுப்பு சிரித்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை அவரே மறந்துவிட்டார்.

2021இல் டேப்லெட்டின் திரை ஒரு மூலையில் விரிசல் விட்டதால் புதிது வாங்கினார். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பதாகக் கடைக்காரர் சொன்னார். டெஸ்டர் கொடுக்கவில்லை.

"உள்ள இருக்கறதை அழிச்சுட்டோம்னு சொல்வான். அழிச்சானா இல்லையான்னு நான் போயி பாக்க முடியுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உள்ள அப்படி என்னங்க இருக்கு? லிஃப்ட் கதவு எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்னு இருக்கு. அதைத் திருடி எவன் மாடி வீடு கட்டப் போறான்?"

சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, பழைய துண்டில் சுற்றி, குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதை பீரோவின் மேல் ஏற்றினார். பேட்டரி சாகாமல் இருக்க அவ்வப்போது இறக்கிச் சார்ஜ் மட்டும் போடுவார். "சோறு ஊட்டி முடிச்சாச்சா?" என்பார் மனைவி.

2024 மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் வந்தது. செயலி ஜூன் 30உடன் நிறுத்தப்படுகிறது. அதற்குள் உங்கள் கோப்புகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ள பித்தானை அழுத்துங்கள். பித்தான் சிவப்பாக இருந்தது. விளிப்பிலேயே ஓர் எழுத்துப்பிழை. டெஸ்டருக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. அழித்தார். ஏப்ரலிலும் மே மாதத்திலும் மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். அத்தோடு விடாமல் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் சொன்னார்: "செயலியை மூடறோம்னு ஒரு மெயில் வரும். பாத்தாலே தெரியுது, திருட்டு மெயில். கையை வச்சுடாதீங்க."

ஆகஸ்ட் 11 அன்று மின்னழுத்தம் திடீரென ஏறி, அக்கா வீட்டுக் கட்டடத்தின் கன்ட்ரோல் போர்டு கருகியது. அதே ரகப் போர்டு ஒன்று இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. டெஸ்டர் அதைப் பொருத்தி, கேபிளைச் செருகி, புதிய டேப்லெட்டில் செயலியைத் திறந்தார். வெள்ளைத் திரையில் ஒரே வரி: இந்தச் சேவை முடிவடைந்துவிட்டது. மெஷின் ரூம் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். சிவப்புப் பித்தான் அப்போது நினைவுக்கு வந்தது.

நிறுவனத்துக்குத் தொலைபேசினார்.

"மூணு தடவை மெயில் அனுப்பிருக்கோமே சார்" என்றது ஒரு பெண் குரல்.

"திருட்டு மெயில்னு நெனச்சேன்மா."

"எங்க மெயிலையா சார்?"

"எழுத்துப்பிழை இருந்துச்சு."

பிறகு அந்தக் குரல், கோப்புகள் இப்போது சர்வரில் இல்லை என்றும், புது கன்ட்ரோலர் முழுவதுமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும், அது வர இரண்டு மாதம் ஆகும் என்றும் சொன்னது.

அக்காவுக்கு இரண்டு மாதம் கிடையாது. 19ஆம் தேதி முதல் மருத்துவமனைக்கு வந்து காலை மடக்கும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழ முழங்கால் தொண்ணூறு டிகிரியாவது மடங்க வேண்டும். வீடு திரும்பிய அன்று மடங்கியது அறுபது. வாரக்கணக்கில் விட்டால் அறுபதிலேயே இறுகிவிடும். நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு அக்கா கட்டிலிலிருந்தே பதில் சொன்னாள்: "நாலு பேரு தூக்கிட்டு எறங்கற மாதிரி எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. தம்பி லிஃப்ட் மெக்கானிக்கு. நான் எறங்கினா லிஃப்ட்லதான் எறங்குவேன்."

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். புது கன்ட்ரோலர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜூன்ல செயலி போச்சுங்கறீங்க. ஆகஸ்ட்ல போர்டு போச்சுங்கறீங்க. இப்ப மொத்தமா மாத்தணுங்கறீங்க. நான் முப்பது வருஷம் தணிக்கை பண்ணவன் டெஸ்டர்."

"நான் மாத்தச் சொல்லலைங்க. கம்பெனி சொல்லுது."

"கம்பெனி உங்க வாயால சொல்லுது."

டெஸ்டரால் கோபப்பட முடியவில்லை. அந்த நாற்காலியில் தான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்போம் என்று பின்னர் மனைவியிடம் சொன்னார்.

குக்கர் பெட்டியின் நினைவு அவருக்கு முதல் நாளே வந்துவிட்டது. பயம்தான் தடுத்தது. பழைய டேப்லெட்டில் இருப்பது, கோப்பின் நகலைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும் பழைய செயலி. நிறுத்தப்பட்ட செய்தி அதற்குத் தெரியாது. இணையம் ஒரு நொடி பட்டாலும் தெரிந்துவிடும், அதோடு முடிந்தது. அக்கா வீட்டு வைஃபை அந்த டேப்லெட்டுக்கு ஏற்கெனவே பழக்கம்; தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும்.

"அதான் வைஃபையை ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்களே" என்றார் மனைவி.

"ஆஃப்னு காட்டுது. காட்டறதெல்லாம் ஆஃபா?" என்று அவர் கோணல் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

17ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கட்டடத்தில் எல்லோரும் ஒரு மணி நேரம் இணையத்தை அணைக்க வேண்டும் என்று அவர் வீடு வீடாகக் கேட்டார். அது இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பியது.

"நெட்டை அணைச்சா வாசல் கேமராவும் நின்னுடும். அந்த ஒரு மணி நேரத்துல நீங்க மேல என்ன செய்வீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் செயலாளர்.

"நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

அவர் உண்மையிலேயே வந்தார். மெஷின் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தன் கைப்பேசியையும் அணைத்துவிட்டதாகச் சொன்னார். டெஸ்டர் அதை வாங்கிப் பார்த்த பிறகே டேப்லெட்டைத் துண்டிலிருந்து பிரித்தார்.

செயலி திறந்தது. கட்டடத்தின் கோப்பு அதில் இருந்தது; கடைசியாகச் சேமித்த நாள்: 12 பிப்ரவரி 2021. அதைப் போர்டில் ஏற்றினார். லிஃப்ட் அசைந்தது. ஆறாம் தளத்தில் சரியாக நின்றது. ஐந்தில், நான்கில், மூன்றில், இரண்டில், ஒன்றில் நின்றது. தரைத்தளத்தில் கதவு திறந்தபோது லிஃப்டின் தளம் வெளித்தரையைவிடத் தாழ்ந்து நின்றது. டெஸ்டர் அளந்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர். அவர் அனுமதிக்கும் அளவு பத்து.

காரணம் காலடியிலேயே இருந்தது. 2022இல் செயலாளர் கூடவே நின்று முகப்புக் கூடத்துக்குப் புது டைல்ஸ் போட்டார். தரை உயர்ந்தது. டெஸ்டர் அப்போது புதிய டேப்லெட்டில் உயரத்தைத் திருத்தினார். அந்தத் திருத்தம் சர்வரோடு போய்விட்டது. இப்போது பழைய செயலியில் திருத்தலாமென்றால், இருப்பதை ஏற்ற அது அனுமதித்ததே தவிர, மாற்றுவதற்கு இணையம் வழியாகக் கடவுச்சொல் கேட்டது.

அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "எவ்வளவுடா தாழ்வு?"

"ஒரு விரக்கடை இருக்கும்."

"இவ்வளவுதானே? நான் பாத்துக் காலை வச்சுக்கறேன்."

"வாக்கர் தடுக்கினா போட்ட மூட்டு போயிடும். நீ மட்டுமா வர்ற, கட்டடமே வரும். வேண்டாம்க்கா." லிஃப்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா அவரை என்ன திட்டினாள் என்பதைச் செயலாளர் அருகில் நின்று கேட்டார். அவர் பார்வை முதன்முறையாகச் சற்றுத் தளர்ந்தது அப்போதுதான்.

டெஸ்டர் நெடுநேரம் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்டை ஏத்த முடியாதுங்க. தரையை எறக்கிடலாம்."

"நான் நின்னு போட்ட டைல்ஸ் அது!"

"தெரியும். கதவு முன்னாடி மட்டும் ஒடைச்சு, சரிவா விட்டா போதும். கதவையும் அது ஓடற கீழ்ப்பட்டையையும் நான் எறக்கித் தர்றேன்."

"மேஸ்திரியும் உங்க ஆளா?"

"இல்லைங்க. நீங்களே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. சந்தேகப்பட எனக்கும் ஒருத்தர் வேணும்ல."

செயலாளர் சிரித்தாரா என்பதில் தகவல்கள் ஒத்துப்போகவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் அழைத்த மேஸ்திரி வந்தார். விவரம் கேட்டு உளியைக் கீழே வைத்துவிட்டார். "தரைக்குத் தக்கன லிஃப்ட் வைப்பாங்க. டேப்லெட்டுக்குத் தக்கன தரையை வெட்டறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்." பிறகு வெட்டினார்.

மாலையில் இருவரும் அளந்தார்கள். டெஸ்டரின் அளவுகோலைச் செயலாளர் நம்பவில்லை. வீட்டிலிருந்து தன்னுடையதை எடுத்துவந்தார். அவர் அளவில் வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர், டெஸ்டரின் அளவில் ஐந்து. இரண்டில் எது சரி என்பது முடிவாகவில்லை. லிஃப்டின் பூட்டில் சாவி திரும்பியது.

19ஆம் தேதி காலை அக்கா வாக்கருடன் ஆறாம் தளத்தில் லிஃப்டின் முன் நின்றாள்.

"டேய், டெஸ்டர் வச்சுப் பாத்தியா?"

"ரெண்டு தடவை."

"அப்ப நீ மொதல்ல ஏறு."

அவர் ஏறினார். அவள் பின்னால் ஏறினாள். கீழே கதவு திறந்ததும் வாக்கரின் கால்களை முதலில் வெளியே வைத்து, அழுத்திப் பார்த்து, அதன் பிறகே நகர்ந்தாள்.

பழைய டேப்லெட் துண்டுக்குள் திரும்பியது. குக்கர் பெட்டியின் இடம் மாறிவிட்டது. எங்கே என்பதை டெஸ்டர் மனைவியிடமும் சொல்லவில்லை. மின்னழுத்தம் ஏறிய அன்று மாலை மெஷின் ரூமின் சாவி யாரிடம் இருந்தது என்று செயலாளர் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். செயலியை விற்ற நிறுவனமே கன்ட்ரோலரையும் விற்பது ஏன் என்று டெஸ்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் முழங்கால் மடங்கும் அளவு, 30 செப்டம்பர் 2024 அன்று பிசியோதெரபிஸ்ட் அளந்தபடி: 104 டிகிரி.